பாதி வண்டி காலி

காலி இடத்தைக் கண்டால் கண்ணாடிக்காரம்மாவுக்குப் பொறுக்காது. பீரோவில் ஒரு தட்டு சும்மா கிடந்தால் அதில் எதையாவது அடுக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். கடைத்தெருவுக்கு வெறும் பையோடு போக மாட்டாள். போகிற வழியில் யாருக்காவது கொடுக்க வேண்டியது இருக்கிறதா என்று வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்த பிறகுதான் செருப்பை மாட்டுவாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால், நின்றுகொண்டு வருகிற யாரையாவது கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிடுவாள். அவர்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டியவர்களாக இருந்தாலும் சரி, தப்ப முடியாது.

அக்கம்பக்கத்தில் இதைக் கஞ்சத்தனம் என்றார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய் சும்மாவா இருக்கும்? கஞ்சர்கள் கொடுக்க மாட்டார்கள். இவள் கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொன்னதில்லை. எதுவும் வீணாகக் கூடாது, அவ்வளவுதான் அவள் குணம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு பட்டறையை நிற்க வைத்தவளுக்கு வேறு என்ன குணம் வரும்? அந்தக் குணத்தை வைத்துத்தான் பிழைத்தாள். அதுவே ஒரு நாள் அவள் வீட்டை வெறிச்சோடச் செய்துவிட்டுப் போனது.

அவளும் கணவரும் முகம் பார்க்கும் கண்ணாடி செய்து விற்றார்கள். முன்பக்கம் வீடு, பின்பக்கம் பட்டறை, நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவை மூடி யாரும் பார்த்ததில்லை. பெரிய தகடுகளாக வரும் கண்ணாடியை அளந்து அறுப்பது, ஓரம் தேய்ப்பது எல்லாம் அவர் வேலை. சட்டம் அடிப்பது, பின்னால் அட்டை வைப்பது, போனில் ஆர்டர் பேசுவது, தேவைப்பட்டால் சண்டை போடுவது எல்லாம் இவள் வேலை. இரண்டு ஆட்கள் கூடமாட இருந்தார்கள். ஒரே மகளை அந்தக் கண்ணாடித் தூளுக்கு நடுவிலேயே வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக்கொடுத்து அனுப்பினார்கள்.

கண்ணாடி செய்வதுகூடப் பெரிய காரியமில்லை. செய்ததை உடையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே, அங்கேதான் உயிர் போகும். லாரியில் சரக்கு அனுப்ப இரண்டு வழி. வண்டி முழுவதையும் நாமே பிடித்துக்கொண்டால் அது முழு லோடு. நம் வாசலில் தார்ப்பாயைக் கட்டினால் வாங்குகிறவர் வாசலில்தான் அவிழ்ப்பார்கள், நடுவில் ஒரு கை படாது. நமக்கு வேண்டிய இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்ச இடத்தில் யார் யாருடைய சரக்கோடோ போவது பார்ட் லோடு. முழு லோடு தனி வீடு என்றால் பார்ட் லோடு ஒண்டுக்குடித்தனம். வாடகை குறைவுதான். ஆனால் பக்கத்துப் போர்ஷன்காரர் எப்படிப்பட்டவர் என்பது குடிபோன பிறகுதான் தெரியும். வண்டி நிரம்பும் வரை கிளம்பாது. கிளம்பினாலும் ஒவ்வொருவர் சரக்கையும் இறக்க அங்கங்கே நிற்கும். சில சமயம் குடோனில் எல்லாவற்றையும் கீழே இறக்கி வேறு வண்டிக்கு மாற்றுவார்கள். துணி மூட்டை என்றால் தூக்கி எறிந்தாலும் கவலையில்லை. கண்ணாடியை என்ன செய்வது?

கண்ணாடியை நிற்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். படுக்க வைத்தால் அடியில் இருப்பது மேலே இருப்பதன் கனம் தாங்காமல் முதல் பள்ளத்திலேயே விரிசல் விட்டுவிடும். இதைப் பெட்டியின் நாலு பக்கமும் பெயிண்டில் எழுதித்தான் அனுப்பினார்கள். முதுகில் கனத்தோடு நிற்கிற லோடுமேன் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டா இருப்பார்? ஆரம்பத்தில் மூன்று தடவை சரக்கு சில்லு சில்லாகப் போய்ச் சேர்ந்தது. முழு லோடு பிடிக்க அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அவர்கள் சரக்கு பாதி வண்டிக்குக்கூட வராது.

அதனால் கண்ணாடிக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். பார்ட் லோடில் சரக்கைப் போட்டுவிட்டு அதோடு தானும் போய்விடுவார். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் குதித்து இறங்கி, தன் பெட்டிகளுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பார். "அண்ணே, பாத்து. நிமிர்த்திப் பிடிங்க. நிமிர்த்தி, நிமிர்த்தி!" வழியில் இருந்த குடோன்களில் அவருக்குப் பெயரே நிமிர்த்திதான். நிமிர்த்தி வந்துட்டாருப்பா என்று சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே நிமிர்த்தியும் பிடிப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு கண்ணாடி உடைந்ததில்லை.

ஆனால் மனிதர் வீட்டில் இருந்ததும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவர் வாழ்க்கையில் பாதி லாரியில்தான் கழிந்தது. மகள் முதல் முதலில் நடந்ததையும், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதையும், ஒரு தடவை மாடிப்படியில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டதையும் அவர் யாரோ சொல்லித்தான் கேட்டார். "உங்களுக்கு நான் பார்ட் லோடுதாங்க. மிச்ச இடமெல்லாம் கண்ணாடி" என்பாள் இவள். சிரிப்பதற்காகச் சொல்வதுதான். சில நாள் சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வராது.

ஒரு நாள் காலையில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தவர் கட்டரை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். "ஒண்ணுமில்ல, கொஞ்சம் மூச்சு வாங்குது" என்றார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். "இதயம் பலவீனமா இருக்கு. கனம் தூக்கக் கூடாது, அலைச்சல் கூடவே கூடாது. ஆறு மாசம் வீட்டுல உக்காரணும்" என்றார் டாக்டர். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, இவளைப் பார்த்துத்தான் சொன்னார். யாரிடம் சொன்னால் நடக்கும் என்று டாக்டருக்கும் தெரிந்துபோயிருந்தது.

அன்றிலிருந்து கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அவரைக் காத்தாள். அறுக்கிற வேலை ஆட்களிடம் போனது. அவர் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அங்கிருந்தே "ஓரத்தைப் பாத்து, ஓரத்தைப் பாத்து" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். தினமும் மூன்று வேளையும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய பிறகு, அவர் சவரம் செய்யும்போது மெதுவாகப் பாடுவார் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. பாட்டு சகிக்கவில்லை. ஆனாலும் அந்த நேரம் பார்த்து அவளுக்கு வாஷ்பேசின் பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும். "இந்த மனுஷனை இப்பத்தாண்டி முழுசாப் பாக்கறேன்" என்று மகளிடம் போனில் சொன்னாள். 

அந்தச் சமயத்தில்தான் அந்த ஆர்டர் வந்தது. தொலைவில் ஒரு பெரிய துணிக்கடை, நாலு மாடி. துணி போட்டுப் பார்க்கும் அறைகளுக்கெல்லாம் ஆளுயரக் கண்ணாடி வேண்டும். ஆட்கள் அறுத்தார்கள், இவள் சட்டம் அடித்தாள். எல்லாம் முடிந்ததும் லாரி புரோக்கருக்குப் போன் போட்டாள். அவரை எல்லோரும் அவசரம் என்றுதான் கூப்பிடுவார்கள். தூங்கப் போவதாக இருந்தாலும் அவசரமாகப் போகணும் என்றுதான் சொல்வார்.

"அக்கா, வழக்கம்போல பார்ட் லோடுதானே? அவசரமா இன்னைக்கே ஒரு வண்டி கிளம்புது."

"இல்ல. ஃபுல் லோடு."

"அக்கா, உங்க சரக்கு பாதி வண்டிக்குக்கூட வராதே. யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றார்.

"யோசிச்சுத்தான் சொல்றேன். நடுவுல யாரும் தொடக் கூடாது. உங்க அண்ணன் வீட்டுல இருக்கணும்."

வாடகை பேசி முடித்துப் போனை வைத்தாள். அவ்வளவு வாடகையை அவள் அதுவரை வாயால் சொன்னதுகூட இல்லை. கணவர் நாற்காலியிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"நிதி மந்திரிக்கு என்ன ஆச்சு? என்னை வீட்டுல வெச்சுக்க முழு வண்டி வாடகையா?"

"ஆமா. பேசாம மாத்திரையைப் போடுங்க."

அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அன்று முழுவதும் அவளைச் சீண்டவே இல்லை. மனிதர் நெகிழ்ந்துபோயிருந்தார் என்று அவளுக்குத் தெரிந்தது.

சொன்ன நாளில் லாரி வந்தது. டிரைவர் தெரிந்தவர்தான். கண்ணாடிக்காரரோடு பல தடவை போய்வந்தவர், அதிகம் பேசாதவர். ஆட்கள் பெட்டிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திக் கொண்டுபோய், முன்பக்கம் கேபினை ஒட்டி நிறுத்தி, இரண்டு பக்கமும் கயிறு போட்டு இறுக்கினார்கள். கணவர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஏற்றி முடித்ததும் அவள் வண்டியின் பின்பக்கம் வந்து நின்று பார்த்தாள்.

பாதிக்கு மேல் காலி. வெறும் பலகை நீளமாகக் கிடந்தது.

பார்க்காமல் உள்ளே போயிருக்கலாம். அவளால் முடியவில்லை. அந்த வெற்றுப் பலகை அவ்வளவு தூரம் சும்மா போகப் போகிறது, அதற்கும் வாடகை அழ வேண்டும் என்று நினைத்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது. அந்த நேரம் பார்த்து அவசரம் பைக்கில் வந்து இறங்கினார்.

"அக்கா, ஒரே ஒரு வார்த்தை. இரும்புப் பட்டறைக்காரர் ஒருத்தர் செஞ்ச கதவெல்லாம் லாரி கிடைக்காம தெருமுனையில டெம்போவுல நிக்குது. இதே வழிதான், பாதி தூரத்துல இறங்கிடும். கடைசியில ஓரமா போட்டுக்கலாம், உங்க கண்ணாடிகிட்ட யாரும் போக மாட்டாங்க. பாதி வாடகை உங்களுக்குத் திரும்பிடும். அவசரமா சொல்லுங்க."

பாதி வாடகை. அவளுக்கு உடனே நினைவுக்கு வந்தது புடவையோ நகையோ இல்லை, கணவருடைய மாத்திரைச் சீட்டுதான். எத்தனை மாதத்துக்கு ஆகும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. எப்போதும் முழு லோடு பிடிக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும்: அந்தக் காலி இடத்தையும் சேர்த்துத்தான் நாம் வாங்குகிறோம், அதுதான் சரக்குக்குக் காவல். வாழ்நாள் முழுவதும் பார்ட் லோடில் போட்டவளுக்கு அது எப்படித் தெரியும்? அவள் கண்ணுக்கு அது வீணாகப் போகிற இடமாகத்தான் தெரிந்தது.

"சரி, ஏத்துங்க" என்றாள். "ஆனா கண்ணாடிப் பக்கம் ஒரு கம்பி வரக் கூடாது."

கணவர் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது கடைசி இரும்புக் கதவு உள்ளே போய்க்கொண்டிருந்தது. வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது என்ன?"

அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே குரல் இறங்கிவிட்டது.

"கதவை இறக்க ஏறுறவன் எங்க கால் வெப்பான்? எதைப் பிடிச்சுட்டு நிப்பான்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. "ஒரு கதவு சாஞ்சா முன்னாடி நிக்கிற அத்தனையும் காலி."

"இறக்கச் சொல்லிடறேங்க. இப்பவே சொல்லிடறேன்."

"ஏத்தினதை இறக்கினா அந்தப் பட்டறைக்காரர் மூஞ்சியில எப்படி முழிக்கிறது? அவருக்கும் அங்க ஆளு காத்துட்டு இருப்பான்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "நானே போயிட்டு வந்துடறேன்."

அவள் குறுக்கே நின்றாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள், மகள் தலையில் சத்தியம் பண்ணச் சொன்னாள், அழாத குறையாகக் கெஞ்சினாள். அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நான் ஒண்ணும் தூக்க மாட்டேன். வாயாலதானே நிமிர்த்தின்னு சொல்லப்போறேன்? வாய்க்கு என்ன கேடு?" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து மங்கிப்போயிருந்த முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. சட்டைப் பொத்தானைப் போடுகிற வேகமே வேறு மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் பிடி தளர்ந்தது. தப்பு தன்மேல்தான் என்று வேறு உள்ளுக்குள் குத்திக்கொண்டிருந்ததால் அதற்கு மேல் அதட்டவும் வாய் வரவில்லை. மாத்திரைகளைப் பையில் வைத்துக் கொடுத்தாள். டிரைவரிடம் போய், "தம்பி, அவரை எதையும் தூக்க விடாதீங்க" என்றாள்.

"நான் பாத்துக்கறேன்கா" என்றார் டிரைவர்.

மறுநாள் கதவுகளை இறக்கிய இடத்திலிருந்து போன் வந்தது. இறக்க ஏறிய ஒருவன் தடுமாறிக் கண்ணாடிப் பெட்டி மேல் சாயப் போனானாம். "நல்லவேளை நான் இருந்தேன்" என்றார் அவர். அதற்கு அடுத்த நாள் துணிக்கடையிலிருந்து பேசினார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஒண்ணுகூட உடையல. கடைக்காரர் எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துட்டாரு. அடுத்த கடைக்கும் நம்மகிட்டதானாம்."

"அது கிடக்கட்டும். தூக்கினீங்களா?"

"அந்தப் பய சாஞ்சப்போ ஒரு பெட்டியை மட்டும் தாங்கிப் பிடிச்சேன். அவ்வளவுதான்."

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்லம்மா. அசதிதான். டிரைவர் திரும்பி வர ரிட்டன் லோடு பாக்கப் போயிருக்காரு. கிடைச்சதும் கிளம்பறோம்."

"சீக்கிரம் வந்து சேருங்க" என்றாள். மாத்திரையைப் போட்டாரா என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

அடுத்த நாள் காலை அவள் சட்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது டிரைவர் போன் செய்தார். "அக்கா" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சுத்தியலைக் கீழே வைத்தாள், ஸ்டூலில் உட்கார்ந்தாள், "சொல்லுங்க தம்பி" என்றாள்.

காலையில் டீ குடித்தாராம். கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்று கேபினில் ஏறினாராம். லோடு பேசிவிட்டு டிரைவர் வந்து எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். போவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். "ஆம்புலன்ஸ் சொல்லட்டுமான்னு கேட்டாங்கக்கா. நான்தானே கூட்டிட்டுப் போனேன், நானே கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டேன்" என்று சொல்லி டிரைவர் விம்மினார்.

மகளும் மருமகனும் வந்துவிட்டார்கள். கண்ணாடிக்காரம்மா அழவில்லை. பட்டறையைக் கூட்டச் சொன்னாள், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள், ஆட்களுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டாள். கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே என்று யாரோ முணுமுணுத்தார்கள். "அப்பா ஆசைப்பட்டுத்தானேம்மா போனாரு" என்று மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையை உருவிக்கொண்டு எழுந்து போனாள். அவசரமும் வந்திருந்தார். எந்த அவசரமும் இல்லாமல் வாசற்படி ஓரமாகவே வெகுநேரம் நின்றார். சட்டைப்பையில் அந்தப் பாதி வாடகை இருந்தது. கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கொடுக்காமலே ஒதுங்கிப் போனார்.

மறுநாள் மத்தியானம் லாரி தெருவுக்குள் திரும்பியது. எல்லோரும் வழிவிட்டு நின்றார்கள். டிரைவர் இறங்கிவந்து பின்பக்கத்துப் பலகையின் கொக்கியைத் தட்டி இறக்கினார். கண்கள் சிவந்திருந்தன, தூங்காமல் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வண்டியின் தரையை நன்றாகக் கழுவியிருந்தது. உள்ளே, கேபினை ஒட்டி, புது மெத்தை ஒன்றில் அவர் படுத்திருந்தார். ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணை அண்டக் கொடுத்திருந்தது. வேறு ஒரு சாமான் இல்லை. அந்த நீள வண்டியில் அவர் மட்டும்தான்.

அவள் கிட்டே போய்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வழியில ரெண்டு எடத்துல லோடு கேட்டாங்கக்கா" என்றார் டிரைவர். "ஏத்தல. அண்ணனை மட்டும்தான் கூட்டிட்டு வந்தேன்."

அவள் அந்த வெறும் தரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள்.

"அவ்வளவு தூரம் வண்டியை வீணாவா ஓட்டிட்டு வந்தீங்க, தம்பி?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டாள். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பது பிறகுதான் அவள் காதில் விழுந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே தெருவில் உட்கார்ந்தாள். இரண்டு நாளாக வராத அழுகை அடிவயிற்றிலிருந்து பீறிட்டுக்கொண்டு வந்தது. "காலியா விட்டிருக்கலாமே, நான் காலியாவே விட்டிருக்கலாமே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எதைச் சொல்கிறாள் என்று கூட்டத்தில் பலருக்கு விளங்கவில்லை. டிரைவர் பலகையைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். மகள் ஓடிவந்து அம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.